பதினான்கு மாடிக் கட்டடம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊரை விட்டு வந்த நாம் ஒருவரையொருவர் காணும்போது கோயிலைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் பேசி மகிழ்கிறோம். இன்று ஓர் அலுவலகக் கட்டடத்தைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். சென்னை மவுண்ட் ரோடில், இப்போது அண்ணா சாலை என வழங்கும் பெருவீதியில், நிமிர்ந்து நிற்கும் எல்.ஐ.சி. கட்டடமே அது. பதினான்கு மாடிக் கட்டடம் என்றே மக்கள் அதை அழைத்தனர். கதாநாயகன் பட்டணம் வந்து சேர்ந்துவிட்டான் என்பதை உணர்த்தத் தமிழ்த் திரைப்படங்களுக்கு நெடுங்காலம் அதன் தோற்றம் ஒன்றே போதுமாயிருந்தது.

வானளாவிய கட்டடங்களுக்கும் காப்பீட்டுத் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1885-இல் எழுந்து, உலகின் முதல் வானளாவி எனப் பலரால் போற்றப்பட்ட பத்து மாடிக் கட்டடமும் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு உரியதே. மக்கள் நம்பிச் செலுத்தும் பணத்தை நிலைத்த சொத்தில் இடவேண்டும். அச்சொத்தே அந்த நம்பிக்கைக்குச் சாட்சியாகவும் விளங்கவேண்டும் அல்லவா?

பழைய முறையில் சுவரே சுமை தாங்கும். மாடிகள் உயர உயர அடிச்சுவர் பருத்துக்கொண்டே போகும். கீழ்த்தளத்தில் மனிதருக்கு இடமிராது. தூணும் உத்தரமும் பின்னிய சட்டகம் சுமையை ஏற்றுக்கொண்டால், சுவர் வெறும் மறைப்பாகிவிடுகிறது. சிக்காகோவில் இச்சட்டகத்தை இரும்பால் அமைத்தார்கள். சென்னையில் கம்பி பொதிந்த கான்கிரீட்டால் அமைத்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் ஆண்ட நகரில் அது புதுமை.

இக்கட்டடத்தைக் கனவு கண்டவர் எம். சி.டி. எம். சிதம்பரம் செட்டியார். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்து, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அதன் கதவுகளைத் திறந்த துணிவுடையவர். தாம் நடத்திய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காக 1953-இல் கட்டட வேலையைத் தொடங்கினார். மறு ஆண்டு மார்ச் 13 அன்று சிங்கப்பூர் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 45.

1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. 245 நிறுவனங்கள் ஒன்றாகி, அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. தொடங்கியவர் இல்லை, அவருடைய கம்பெனியும் இல்லை. முதலில் திட்டம் வரைந்த லண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரௌனும் மூலினும் விலகியபின், எல். எம். சித்தாலே அப்பொறுப்பை ஏற்றார். கோரமண்டல் என்ஜினீயரிங் கம்பெனி கட்டிக்கொண்டிருந்தது. கைகள் மாறின, வேலை நிற்கவில்லை.

1959 ஆகஸ்ட் 23 அன்று, அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். உயரம் 177 அடி. அந்நாளில் இந்தியாவிலேயே மிக உயர்ந்த கட்டடம் அதுதான். 1961-இல் பம்பாயின் உஷா கிரண் அதை விஞ்சியது. ஆயினும் சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே முதலிடம் வகித்தது. 1975-இல் தீ விபத்துக்கு உள்ளாகியும் செப்பனிடப்பெற்று மீண்டும் பணிக்கு வந்தது. இன்று அதனினும் உயர்ந்தவை பல உள்ளன. எனினும் வழி சொல்வோர் இன்றும் ‘எல்.ஐ.சி. நிறுத்தம்’ என்கின்றனர்.

அன்பர்களே! நம் சங்கத்திற்குச் சொந்தமாக ஒரு கூடம் வேண்டுமென்று நெடுநாளாகப் பேசிவருகிறோம். “நாங்கள் இருக்கும்போதே முடியுமா? பிள்ளைகளும் வேலை தேடி வேறு ஊர் போய்விடுவார்களே!” என்று மூத்தோர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான், முடியும் என்று உறுதி கூற நம்மில் எவராலும் இயலாது. ஆனால் சிதம்பரம் செட்டியார் தாம் குடிபுகாத கட்டடத்திற்கு அடித்தளம் இட்டார். அவரை முன்பின் அறியாத ஆயிரமாயிரம் பேர் அதன் படிகளில் ஏறி இறங்கினர். நம் கூடத்தில் தமிழ் படிக்கப்போகும் குழந்தைகளும் நம்மை அறியாதவர்களாகவே இருக்கலாம். அதனால் நமக்கு ஒரு குறையும் இல்லை. அடித்தளத்தை இட்டுவிடுவோம், மாடியை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.