திரைவழிக் கல்வியும் பள்ளித் தலைமையும்

பிரித்தானியாவில் 1969-இல் தோன்றிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1971-இல் அஞ்சலும் வானொலியும் தொலைக்காட்சியும் கொண்டு முதல் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கிற்று. பின்னாளில் பள்ளித் தலைமையை முதுகலைப் பாடமாக இணையவழியிலேயே பயிலும் வாய்ப்பும் அங்கே அமைந்தது.

பகலில் பள்ளியை நடத்துபவர் இரவில் மாணவராகிறார். பணியைத் துறக்காமல் பட்டம் பெறுவது மட்டுமன்று இதன் பயன். இரவில் கற்ற கோட்பாட்டை மறுநாள் ஆசிரியர் கூட்டத்திலேயே உரசிப் பார்க்கலாம்.

எனினும், நிதித்திட்டம் வகுக்கத் திரை கற்பிக்கும். குறை சொல்ல வந்து சொல்லாமலே திரும்பும் ஆசிரியரின் முகத்தை அறியக் கற்பிக்காது. வள்ளுவர் பொருட்பாலில் குறிப்பறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அப்பாடத்திற்குப் பள்ளி முற்றமே வகுப்பறை.

ஆகவே, ஆய்வேட்டின் மதிப்பெண் அன்று, அது எழுதப்பட்ட ஆண்டுகளில் அப்பள்ளிப் பிள்ளைகள் பெற்ற ஏற்றமே அக்கல்விக்குச் சான்று.