அலிபிரி அடிவாரத்தில் ஒரு கண் மருத்துவமனை



திருப்பதி சென்று வந்த தமிழர் அனைவரும் அலிபிரியை அறிவர். மலை ஏறிச் செல்வோர் முதற்படியில் கற்பூரம் ஏற்றித் தொழுது புறப்படும் இடம் அது. அங்கிருந்து மேலே ஏறத்தாழ 3,550 படிகள். 'அடிப்படி' என்பதே நாளடைவில் அலிபிரி ஆயிற்று என்பாரும் உளர். பெயராராய்ச்சி இன்று நமக்கு வேண்டா. மலைப்பாதையில் திரும்பாமல், அடிவாரத்தை ஒட்டிச் செர்லோப்பள்ளிக்குச் செல்லும் சாலையில் போனால், விலங்குக் காட்சிசாலைக்கு அண்மையில் ஒரு கண் மருத்துவமனையைக் காணலாம். நிலம் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தினுடையது. மருத்துவமனையை நடத்துவோர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார். 2019ஆம் ஆண்டில் அது பணி தொடங்கியது. அப்போது திருப்பதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று.

மதுரையில் பிறந்த நிறுவனம் தெலுங்கு நாட்டில் கால் ஊன்றியிருப்பதை, பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் சிறப்பாக உணர்வீர்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்நிறுவனத்தின் புகழையன்று, அதன் வளர்ச்சியை. பொதுநலத்திற்கென்று தொடங்கும் ஒரு தொழில், நம்முடையது போன்ற வளரும் நாட்டில் எவ்வாறு நிலைபெறுகிறது? அதற்கு எத்தகைய துணை தேவை?

இத்தகைய நிறுவனத்தைச் சமூகத் தொழில் நிறுவனம் என்று இக்காலத்தில் வழங்குகின்றனர். அது சத்திரமும் அன்று, கடையும் அன்று. சத்திரமாயின், கொடுப்பவர் கை ஓய்ந்த அன்றே அடுப்பு அணைந்துவிடும். கடையாயின், காசில்லாதவன் வாசலோடு நின்றுவிடுவான். இவ்விரண்டிற்கும் இடையே வழி காண முயன்றவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். இளமையிலேயே கடுமையான மூட்டுவாதம் அவருடைய விரல்களைக் கோணச் செய்தது. அந்த விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976இல், 58ஆம் வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் அவர் செய்த முதல் வேலை, மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. பணத்திற்குத் தம் வீட்டை அடமானம் வைத்தார். உடன்பிறந்தாரும் அவர்தம் துணைவரும் அதே பணியில் இறங்கினர்.

பணம் கொடுக்க இயன்றவரிடம் கட்டணம் பெறுவது. இயலாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் செய்வது. இதுவே அவர் வகுத்த முறை. ஏழையின் படுக்கை பாயாக இருக்கலாம். ஆனால் அறுவை செய்யும் மருத்துவர் இருவருக்கும் ஒருவரே. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இலவசமாகவோ சலுகையிலோ பயன் பெறுகின்றனர். இக்கணக்கு எப்படிச் சரிக்கட்டுகிறது என்று வணிகக் கல்லூரியினரே வியந்து ஆராய்ந்திருக்கின்றனர். விடை அறுவைக் கூடத்தில் இருக்கிறது. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் மற்றொரு நோயாளி ஆயத்தமாகிவிடுவார். ஆயத்தம் செய்வோர் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ இரண்டாண்டு பயிற்சி அளிக்கப்பெற்ற இளம்பெண்கள். மருத்துவரின் பொழுது வீணாவதில்லை. ஆதலின் ஓர் அறுவைக்கு ஆகும் செலவு குறைகிறது. இவ்வேலை முறையில் அப்பெண்களின் உழைப்பே அச்சாணி. அவர்களுடைய ஊதியமும் முன்னேற்றமும் உழைப்புக்கு ஈடாக உயர்கின்றனவா என்பது, இத்தகைய எந்த நிறுவனத்தைக் குறித்தும் நாம் கேட்கத்தக்க கேள்வியே.

இனி வில்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்புரையை எடுத்தபின் கண்ணுக்குள் பொருத்தும் சிறு வில்லை ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. ஏழைகளுக்கு வில்லை இல்லை, தடித்த கண்ணாடிதான். வயலில் அக்கண்ணாடி விழுந்து உடைந்தால், அறுவை செய்துகொண்ட உழவர் மறுபடியும் பார்வையற்றவரே. 1992இல் மதுரையிலேயே 'ஆரோலேப்' என்னும் தொழிற்கூடம் எழுந்தது. அமெரிக்காவின் சேவா அறநிலையம் தொழில்நுட்பம் பெற உதவியது. வில்லையின் விலை பத்து டாலர் அளவிற்கு இறங்கியது. பின்னர் மேலும் குறைந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அங்கிருந்து பொருள்கள் செல்கின்றன.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சேவா அறநிலையத்தார் ஆண்டுதோறும் வில்லைகளை வாங்கி அன்பளிப்பாக அனுப்பியிருக்கலாம். அதுவும் உதவிதான். ஆனால் அவ்வில்லைகள் தீர்ந்தவுடன் உதவியும் தீர்ந்திருக்கும். அவர்கள் செய்யும் வகையைக் கற்பித்தனர். தேவஸ்தானமும் அலிபிரியில் நிலத்தை அளித்தது. மருத்துவமனையை அன்றாடம் நடத்தும் செலவை அது ஈட்டிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் சுமக்க முடியாத பாரத்தைப் பிறர் தாங்க வேண்டும்; நடக்கக் கற்றபின் விலையும் முறையும் வகுக்கும் உரிமையை நிறுவனத்திடமே விட்டுவிட வேண்டும். துணை என்று நாம் சொல்லத்தக்கது இதுவே.

பொதுநலத்திற்காகத் தொடங்கியவை எல்லாம் வாழ்ந்துவிடுவதில்லை என்பதற்குச் சான்று தேடித் தொலைவில் செல்ல வேண்டா. சித்தூர்க் கூட்டுறவுப் பால் பண்ணை அப்பகுதி உழவர் குடும்பங்கள் பலவற்றின் நம்பிக்கையாக இருந்தது. கடன் சுமையால் 2002இல் அது மூடப்பட்டது. யார் பிழை என்று அவ்வூரார் இன்றும் வழக்காடுவர். மூடிய ஆலையை அமுல் நிறுவனத்தார் மறுபடி இயக்கும் பணிக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இடையில் கழிந்தவை இருபது ஆண்டுகள். சொந்தக் கூட்டுறவு இல்லாத இடத்தில் பால் விலையை யார் சொல்வது என்பதை, கறவை வைத்திருப்போர் நன்கு அறிவர்.

அரசும் இந்நாளில் சில வாயில்களைத் திறந்திருக்கிறது. 2022இல் சமூகப் பங்குச் சந்தைக்கான விதிகள் வந்தன. அதில் விற்கும் ஒருவகைப் பத்திரத்திற்கு வட்டியும் இல்லை, முதலும் திரும்பாது. நம் பாட்டனார் கேட்டால், இதற்குப் பத்திரம் எதற்கு, உண்டியல் போதாதா என்பார். ஆயினும் உண்டியலுக்கு இல்லாத ஒரு கடமை இதற்கு உண்டு. வாங்கிய பணம் என்ன பயன் விளைத்தது என்று நிறுவனம் ஆண்டுதோறும் கணக்குக் காட்டியாக வேண்டும்.

பங்குச் சந்தை வரை செல்ல இயலாத நேயர்கள் மிகுதி. அரவிந்த் மருத்துவமனையாரின் கண் மருத்துவ முகாம்கள் உள்ளூர் அன்பர்களின் துணையாலேயே நடக்கின்றன. பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ ஏற்பாடு செய்வது, ஊர் ஊராகச் செய்தி சொல்வது ஆகியவை உள்ளூராரின் பொறுப்பு. கண்ணைச் சோதிப்பதும், அறுவை தேவைப்படுவோரை அழைத்துச் சென்று செய்விப்பதும் மருத்துவமனையின் பொறுப்பு. வெளி மாநிலங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்களில் கூடம் உண்டு, நாற்காலி உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு. உங்கள் ஊரில் இத்தகைய முறையில் பணிபுரியும் கண் மருத்துவமனை எது என்று விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டுப் பாருங்கள். அறிவிப்பை அவ்வூர் மொழியிலேயே எழுதுங்கள். திருப்பதிப் பக்கத்தவராயின் எழுதுவது மிக எளிது. தெலுங்கிலும் கண்ணுக்குப் பெயர் 'கன்னு' என்பதுதான்.