உதவி வேண்டுமா என்று கேட்கும் கப்பல்



ஒரு விண்கலம் தாயகத்திலிருந்து 70,000 ஒளியாண்டுத் தொலைவுக்குத் தூக்கி எறியப்படுகிறது. முழு வேகத்தில் ஓடினாலும் திரும்பி வர 75 ஆண்டு ஆகும். உள்ளே ஏறத்தாழ 150 பேர். நான்கு ஆண்டு ஓடிக் களைத்திருக்கும் நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து சேர்கிறார். அவர் தயவில் ஒரு வழி திறக்கிறது. மூன்றே மாதத்தில் ஊர் போய்விடலாம். கேப்டன் என்ன முடிவெடுப்பார்?

இது 'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' தொடரில் வருகிற கதை. 1998 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஹோப் அண்ட் ஃபியர்' என்ற பகுதி. பார்க்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், கதையை நானே சொல்கிறேன். முடிவையும் சொல்லிவிடப் போகிறேன். முடிவு தெரிந்தால்தான் இதில் பேசுவதற்கு விஷயமே இருக்கிறது.

நான் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்தவன். 'மார்க்கோனி சாப்' என்று கூப்பிடுவார்கள். கப்பலுக்கு வெளியே இருந்த உலகம் முழுவதும் எனக்குக் காதில் விழும் குரலாகவும் மோர்ஸ் ஒலியாகவும்தான் வந்தது. ஆள் முகம் தெரியாது. பேச்சை மட்டும் கேட்டு, 'இவர் சொல்வது சரியாகத்தான் படுகிறது' என்றோ, 'எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்' என்றோ கேப்டனிடம் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் இந்தக் கதையைப் பார்த்தேன். இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை.

கதைக்கு வருவோம். வாயேஜர் கலத்திலிருந்து இரண்டு பேர் சாமான் வாங்கப் போகிறார்கள். பேசும் மொழி புரியாமல் பேரம் படிய மறுக்கிறது. அங்கே ஆர்டுரிஸ் என்ற பயணி குறுக்கே வந்து மொழிபெயர்த்துக் கொடுத்து, வியாபாரத்தை முடித்து வைக்கிறார். அவருக்கு 4,000 மொழிகளுக்கு மேல் தெரியும். கூலி எதுவும் கேட்கவில்லை. போகிற வழியில் இறக்கிவிடச் சொல்கிறார், அவ்வளவுதான். கேப்டன் ஜேன்வேயிடம் பல மாதமாகப் படிக்க முடியாமல் கிடக்கும் ஒரு செய்தி இருக்கிறது. தாயகத்துத் தலைமையிடம் அனுப்பியது, ஆனால் பாதி சிதைந்துபோனது. இவ்வளவு மொழி தெரிந்தவர் ஆயிற்றே என்று அதை ஆர்டுரிஸிடம் காட்டுகிறார். அவரும் படித்துவிடுகிறார். ஓர் இடத்தின் முகவரி கிடைக்கிறது. அங்கே போனால் 'டௌன்ட்லெஸ்' என்ற புத்தம்புதுக் கலம் ஆளில்லாமல் காத்திருக்கிறது. உள்ளே அவர்களுடைய சொந்தப் படையின் சின்னம். கணினியும் அவர்கள் வழியிலேயே இயங்குகிறது. நம் ஆட்கள் நமக்காக அனுப்பிய கலம்!

நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வந்த உதவி எந்த வரிசையில் வந்தது என்று கவனித்தீர்களா? முதலில் கடைத்தெருவில் ஒரு சின்ன உதவி. பிறகு ஒரு கடிதத்தைப் படித்துக் கொடுத்தது. அதற்கும் பிறகுதான் கப்பல். கப்பலை மட்டும் முதல் நாளே நீட்டியிருந்தால் யாராக இருந்தாலும் பின்வாங்கியிருப்பார்கள்.

ஜேன்வே அம்மையார் அடுத்துச் செய்ததைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். அவருக்குள் ஓர் உறுத்தல். எல்லாம் இவ்வளவு கச்சிதமாக நடக்குமா? ஆனால் உறுத்தல் வந்ததும் ஆர்டுரிஸை இறக்கிவிடவில்லை. நம்பினேன் என்று சொல்லித் தன் கலத்தைக் கைவிடவும் இல்லை. புதுக் கலத்தில் ஏற ஆட்களைப் பழக்குகிறார். அதே நேரத்தில், அந்தப் புது இயந்திரத்தின் நுட்பத்தைப் பழைய வாயேஜரில் பொருத்த முடியுமா என்று பொறியாளர்களைப் பார்க்கச் சொல்கிறார். இன்னொரு பக்கம், அந்தக் கலம் உண்மையிலேயே நம்முடையதுதானா என்று சத்தமில்லாமல் துருவ வைக்கிறார். சிதைந்த செய்தியையும் விடவில்லை. ஆர்டுரிஸ் படித்துக் கொடுத்துவிட்டார் என்பதற்காக மூடி வைக்காமல், மிச்சத்தைத் தானே உட்கார்ந்து படிக்கிறார். கடைசியில் உண்மையான செய்தி கிடைக்கிறது. உங்களை விரைவில் கொண்டு வர வழி எதுவும் தெரியவில்லை, மன்னியுங்கள் என்பதுதான் தாயகம் சொல்லியிருந்தது. கப்பல் அனுப்பியதாக ஒரு சொல்கூட இல்லை. டௌன்ட்லெஸ் முழுக்க வேடம்.

நம்பலாமா கூடாதா என்று ஒரு கணத்தில் முடிவெடுத்துவிட வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். கப்பலில் அப்படி யாரும் முடிவெடுப்பதில்லை. உதவியை ஒரு கையால் வாங்கிக்கொண்டே மறு கையால் சரிபார்க்கிறோம். அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. எதிரில் இருப்பவரும் நம்மை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் கப்பலில் நடந்ததைச் சொல்கிறேன். அரபிக் கடல், தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருந்த மாதம். நடுராத்திரியில் மெயின் இன்ஜின் நின்றுபோனது. இன்ஜின் நின்றால் கப்பல் அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொள்ளும். பிறகு உருளத் தொடங்கினால் நிற்க முடியாது. கீழே இன்ஜின் ரூமில் வேலை நடக்கிறது, மேலே காற்று எங்களைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. அப்போது வி.எச்.எஃப். 16-ஆம் சேனலில் ஒரு குரல். தன் கப்பலின் பெயரைச் சொல்லி, 'நீங்கள் ஓடவில்லை என்று தெரிகிறது, உதவி வேண்டுமா?' என்று கேட்டது.

எங்கள் சீஃப் ஆபீசர் தூத்துக்குடிக்காரர். ராடாரிலிருந்து முகத்தை எடுக்காமல், "தம்பி, கால் சைன் கேளுங்க. எங்கிருந்து எங்க போறாங்கன்னும் கேளுங்க" என்றார். கேட்டேன். ஒவ்வொரு நாட்டுக் கப்பலுக்கும் கால் சைனின் முதல் எழுத்துகள் தனி. எழுத்தைக் கேட்டாலே எந்தக் கொடி என்று சொல்லிவிடலாம். ரேடியோ ரூமில் உலகத்துக் கப்பல்களின் பெயரும் கால் சைனும் அச்சிட்ட தடித்த புத்தகம் ஒன்று இருக்கும். அதைப் புரட்டினேன், பெயரும் எழுத்தும் ஒத்துப்போயின. அவர் சொன்ன இடத்தை சீஃப் ஆபீசர் ராடாரில் பார்த்தார். அங்கே புள்ளி இருந்தது. சொன்ன வேகத்தில், சொன்ன திசையில் அது நகர்ந்துகொண்டும் இருந்தது. "குரல் சொல்றதும் ராடார் சொல்றதும் ஒண்ணுதான் சார்" என்று கேப்டனிடம் சொன்னார்.

ஆனாலும் எங்கள் கேப்டன் முகத்தில் இறுக்கம் குறைந்தது அதனால் அல்ல. அந்தக் கப்பல்காரர் அடுத்துச் சொன்ன ஒரு வாக்கியத்தால். 'காலை ஆறு மணி வரை பக்கத்தில் நிற்கிறேன். அதற்கு மேல் நிற்க எனக்கு எரிபொருள் போதாது' என்றார். தன்னால் எவ்வளவு முடியும், எதற்கு மேல் முடியாது என்று கேட்காமலே சொன்னார். அந்த ஆள் மேல் எனக்கும் அப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது. விடிவதற்குள் எங்கள் இன்ஜின் ஓடிவிட்டது. நன்றி சொன்னோம், அவர் தன் வழியில் போனார்.

அவர் ஏன் நின்றார் என்று நீங்கள் கேட்கலாம். கடலில் ஆபத்தில் இருக்கும் உயிரைக் காப்பாற்றுவது ஒவ்வொரு கேப்டனின் கடமை. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் உருவான கடல் பாதுகாப்பு உடன்படிக்கையிலும் இடம்பெற்ற சட்டம் அது. உயிரைக் காப்பாற்றக் கூலி கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் ரேடியோ ரூம் சுவர்க் கடிகாரத்தில்கூட 15-ஆம் நிமிடத்திலிருந்து 18 வரையும், 45-லிருந்து 48 வரையும் சிவப்புப் பட்டை அடித்திருக்கும். மணிக்கு இரண்டு முறை, அந்த மூன்று மூன்று நிமிடம், 500 கிலோஹெர்ட்ஸில் எந்தக் கப்பலும் பேசக் கூடாது. எங்கோ ஒரு பலவீனமான அபயக்குரல் அடிபட்டுப் போய்விடக் கூடாதே என்று உலகத்துக் கப்பல்களெல்லாம் வாயை மூடிக் காது கொடுக்கும். அந்தப் பட்டைக்குள் முள் நுழையும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

உயிருக்குத்தான் அப்படி. கப்பலையும் சரக்கையும் காப்பாற்றினால் கூலி உண்டு. அதற்கு 'லாயிட்ஸ் ஓப்பன் ஃபார்ம்' என்றொரு ஒப்பந்தம் இருக்கிறது. காப்பாற்ற முடியாவிட்டால் காசு இல்லை. காப்பாற்றிவிட்டால் எவ்வளவு என்பதைப் பிறகு லண்டனில் நடுவர் முடிவு செய்வார். ஆபத்து எவ்வளவு, காப்பாற்றிய பொருளின் மதிப்பு எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்று பார்த்துத் தொகை சொல்வார். மூழ்கிக்கொண்டிருப்பவனோடு பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் செய்த ஏற்பாடு. முகம் தெரியாத இரண்டு பேர், ரேடியோவில் இரண்டு வார்த்தை பேசி ஒருவரையொருவர் நம்பிவிடலாம்.

இந்த ஏற்பாடு கையில் இருந்தும் சிக்கல் வந்ததுண்டு. 1978 மார்ச் 16. பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அப்பால் 'அமோகோ காடிஸ்' என்ற எண்ணெய்க் கப்பலுக்குச் சுக்கான் இயங்காமல் போனது. 'பசிஃபிக்' என்ற ஜெர்மன் இழுவைக் கப்பல் உதவிக்கு வந்து லாயிட்ஸ் ஒப்பந்தத்தைக் கேட்டது. இழுப்பதற்கு மட்டும் கூலி பேசலாம் என்றது எண்ணெய்க் கப்பல் தரப்பு. கப்பல் முதலாளிகள் சிகாகோவில். கேட்டுச் சம்மதம் வருவதற்குள் மணிக்கணக்கில் நேரம் போனது. பேச்சு நடக்கும்போதே இழுவைக் கயிறு கட்டத்தான் கட்டினார்கள், அது அறுந்தது. அன்றிரவு கப்பல் போர்ட்சால் பாறைகளில் மோதி, சுமார் 2,20,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. பேச்சு இழுக்காமல் இருந்திருந்தால் கப்பல் தப்பியிருக்குமா என்று பிறகு ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. அந்தக் கேப்டனை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். முடிவெடுக்கும் அதிகாரம் அலையில் ஆடிக்கொண்டிருந்த கப்பலில் இல்லாமல் வேறொரு கண்டத்தில் இருந்தது என்பதுதான் என் வருத்தம். ஜேன்வேக்குக் கேட்பதற்கு யாரும் இல்லை. அந்த விதத்தில் அவர் கொடுத்து வைத்தவர்.

இப்போது ஆர்டுரிஸைப் பாருங்கள். எங்களுக்கு உதவியவரைச் சட்டமும் தொழில்தர்மமும் கட்டியிருந்தன. இழுவைக் கப்பலைக் கூலி கட்டியிருந்தது. ஆர்டுரிஸை எது கட்டியிருந்தது? எதுவுமே இல்லை. ஏன் உதவுகிறார் என்பதற்கு அவரிடம் வெளியே தெரிகிற காரணம் ஒன்றும் இல்லை. நான் அந்தக் கலத்து ரேடியோ ஆபீசராக இருந்திருந்தால், கப்பலின் சின்னத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் கேப்டனிடம் சொல்லியிருப்பேன்.

காரணம் உள்ளே இருந்தது. முந்தைய ஒரு நெருக்கடியில், தன் ஆட்களைக் காப்பாற்ற ஜேன்வே 'போர்க்' என்ற கொடிய கூட்டத்தோடு உடன்பாடு செய்துகொண்டார். அந்த உடன்பாட்டால் போர்க் பிழைத்தது, பிழைத்த போர்க் ஆர்டுரிஸின் இனத்தை விழுங்கியது. உயிர் தப்பிய சிலரில் அவர் ஒருவர். அவர் வந்தது பழி வாங்க. ஜேன்வேயையும் இன்னொருவரையும் தன் கலத்தில் வைத்துப் போர்க் இருக்கும் பக்கமே கொண்டு போகிறார். முன்யோசனையாகத் தயார் செய்து வைத்த அதே புது நுட்பத்தால்தான் வாயேஜர் பின்னாலேயே பாய்ந்து போய் இருவரையும் மீட்கிறது. இந்தப் பகுதியை எத்தனை முறை பார்த்தாலும், அந்த மனிதர் தன் நகரம் அழிந்ததைச் சொல்லும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். வந்தவர் நல்லவரா என்று கலத்தில் எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வந்தவர் கண்ணில் தாங்கள் யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நேரம் ஓடுகிறது, ஆனாலும் நிஜ விண்வெளியிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1969-இல் 'மரூன்ட்' என்றொரு ஆங்கிலப் படம் வந்தது. பூமியைச் சுற்றிக்கொண்டே திரும்ப முடியாமல் தவிக்கும் அமெரிக்க வீரர்களுக்கு உதவ ஒரு சோவியத் விண்கலம் வருகிறது. அடுத்த ஆண்டு ஓர் அமெரிக்க அறிவியலாளர் மாஸ்கோவில் அந்தக் கதையை எடுத்துச் சொல்லி, நம் கலங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால்தானே இப்படி உதவ முடியும் என்று பேச்சைத் தொடங்கினார். 1975 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத்தின் சோயூஸும் விண்வெளியில் இணைந்தன. பழைய இணைப்புக் கருவிகளில் ஒரு கலம் நுழையும், மறுகலம் ஏற்கும். புதியதை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்தார்கள், யாரும் யாருக்கும் கீழே இல்லாதபடி. அப்பல்லோவில் இருந்தது குறைந்த அழுத்தத்தில் தூய ஆக்சிஜன், சோயூஸில் நாம் மூச்சுவிடும் காற்று. கதவைத் திறந்து நேரே போய்விட முடியாது. நடுவில் ஓர் அறை வைத்து, சோயூஸின் அழுத்தத்தையும் கொஞ்சம் குறைத்து, ஒவ்வொரு படியாகக் கடந்து போய்த்தான் அமெரிக்க வீரர் ஸ்டாஃபோர்டும் சோவியத் வீரர் லியோனவும் கைகுலுக்கினார்கள். அமெரிக்கர் ரஷ்ய மொழியில் பேசினார், ரஷ்யர் ஆங்கிலத்தில்.

அந்த வழியில் வந்த பொது இணைப்பு அளவுகள் 2010-இல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. 2025 ஜனவரியில் நம் இஸ்ரோ 'ஸ்பேடெக்ஸ்' திட்டத்தில் இரண்டு கலங்களை இணைத்தபோது, அந்தக் கருவியும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியானதுதான் என்று படித்து மகிழ்ந்தேன். நம் பிள்ளைகள் ஏறிப் போகும் கலத்துக்கு என்றாவது இன்ஜின் நின்றுபோனால், பக்கத்தில் வரும் கலம் எந்தக் கொடியுடையதாக இருந்தாலும் அதன் வளையம் நம் வளையத்தில் பொருந்த வேண்டும். வரும் கலமும் தன் பெயரையும், போகிற இடத்தையும், எத்தனை மணி வரை நிற்கும் என்பதையும் கேட்காமலே சொல்ல வேண்டும். எனக்கு இருக்கும் ஆசை இதுதான்.