கதிர் என்னும் ஒரு சொல்



'கதிர்' என்னும் சொல் ஞாயிற்றின் ஒளியையும் குறிக்கும். நெல்லின் கதிரையும் குறிக்கும். இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம், இடர்ப்பாடு இல்லை. ஆனால், மருத்துவமனையில் ஒருநாள் இச்சொல் நமக்குப் போதவில்லை.

நிணநீர்ப் புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை முடித்திருந்த உறவினர் ஒருவருடன் மருத்துவரைக் காணச் சென்றிருந்தோம். அடுத்து வரும் கதிர்ச்சிகிச்சையை ஃபோட்டானால் அளிப்பதா, புரோட்டானால் அளிப்பதா என்று மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்கினார். தமிழில் எடுத்துரைத்த நாம் இரண்டையும் 'கதிர்' என்றே கூறினோம். "இரண்டும் ஒன்றுதானே? பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு?" என்றார் உறவினர். பிழை நம்முடையதே.

வேறுபாடு இதுதான். இச்சிகிச்சையில் ஃபோட்டான் என்பது ஆற்றல்மிக்க எக்ஸ் கதிர். அது உடலுள் நுழைந்து, சிறிது சிறிதாக வலுவிழந்தவாறே கட்டியைக் கடந்து மறுபுறம் வெளியேறும். புரோட்டானோ நேர்மின்னூட்டம் உடைய துகள். அது பயணத்தின் இறுதியில் மிகுதியான ஆற்றலைச் சொரிந்து நின்றுவிடும். நிற்கும் ஆழத்தை அதன் தொடக்க ஆற்றலால் வரையறுக்கலாம். இப்பண்பு சிகிச்சைக்கு உதவும் என 1946இல் ராபர்ட் வில்சன் எழுதினார். இன்று அச்சிகிச்சை சிங்கப்பூரிலும் கிடைக்கிறது.

இந்நோய்க்கு அளிக்கப்படும் டாக்சோரூபிசின் என்னும் மருந்து இதயத் தசையை நலிவுறச் செய்யக்கூடும். பின்னர் நெஞ்சின் நடுவே கதிர் செலுத்தினால், அதே இதயம் மீண்டும் சுமை தாங்க நேரிடும். அச்சுமையைக் குறைக்கப் புரோட்டான் உதவலாம். எனினும், எல்லார்க்கும் அதுவே சிறந்தது என்பதற்கில்லை. செலவு மிகுதி, மூச்சினால் கட்டி அசைந்தால் துகள் நிற்கும் இடம் பிசகலாம். இக்காலத்து ஃபோட்டான் கருவிகளும் பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி, நலமான உறுப்புகளைப் பெரிதும் காக்கின்றன. ஆகவே, கட்டியின் இடமும் நோயாளியின் உடல்நிலையும் அறிந்தே முடிவு செய்வர்.

மறுமுறை நாம், "ஒன்று கட்டியைக் கடந்து செல்லும், மற்றொன்று கட்டியோடு நின்றுவிடும்" என்றோம். உறவினர் உடனே மருத்துவரை நோக்கி, "என் இதயத்தில் எது குறைவாகப் படும்?" என்று கேட்டார். மருத்துவர் இரண்டு திட்டப் படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

கலைச்சொல் பட்டியலில் ஒளியன், நேர்மின்னி ஆகிய சொற்கள் உள்ளன. வகுப்பில் அவற்றைக் கற்பிப்போம். அத்துடன், அவற்றைத் தம் பாட்டிக்கு இரண்டு வரியில் விளக்கவும் மாணவரைப் பழக்குவோம். நோயாளிக்குத் தேவைப்படுவது அந்த இரண்டு வரிகளே.