கடனும் வணிகமும் கூட்டுறவும்

(ஜும்ஆ உரையின் சுருக்கம்)



சரக்குடன் வருவோரை, அவர்கள் சந்தையை அடையுமுன்பே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். சந்தை நிலவரம் அறியாது விற்பவர் நஷ்டமடையக் கூடாது என்பதே இதன் ஹிக்மத் என இமாம்கள் விளக்குவர்.

காசிமேட்டில் ஏலம் பகிரங்கமாகவே நடக்கிறது. ஆயினும் டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் முன்பணம் பெற்ற படகுக்காரர், பணம் தந்தவர் வழியாகவே மீனை விற்கும் நிர்ப்பந்தத்திற்கு ஆளாகிறார். படகு கடலில் இறங்குமுன்பே மீன் வழிமறிக்கப்பட்டு விடுகிறது! கொடுத்த கடனைக் காட்டி ஆதாயம் பெற நிபந்தனையிடுவது வட்டியின் வாசல் என்று ஃபிக்ஹு நூல்கள் எச்சரிக்கின்றன. மீன் வணிகத்தில் முதலீடு செய்யும் நம்மவர்கள் இதனை அவசியம் சிந்திக்க வேண்டும்.

மாற்று வழி நம் அருகிலேயே உள்ளது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கேரளத்திலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் வேரூன்றியது. அங்கே கிராமச் சங்கமே உறுப்பினரின் மீனை ஏலமிடுகிறது. விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கு கடனுக்கும், ஒரு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்படுகிறது. மீன் கிடைக்காத நாளில் அந்தப் பிடித்தமும் இல்லை. சங்கத்தின் உடைமையாளர்கள் மீனவர்களே.

நம் பைத்துல்மாலிலிருந்து வட்டியோ விற்பனை நிபந்தனையோ இல்லாத அழகிய கடனை, மதம் பாராது சில படகுக்காரர்களுக்கேனும் வழங்கலாம். அவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்க வழிகாட்டலாம். அம்மீனை நியாய விலையில் நாமே சேர்ந்து வாங்கவும் செய்யலாம். நிர்வாகிகள் மஷூரா செய்து முடிவெடுப்பார்களாக.

ஹலாலான சம்பாத்தியத்தில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.