சுடுகிறது என்று சொல்பவர் யார்?

மாட்டுங்காவில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்திருக்கிறோம். ஆவி பறக்கும் காப்பி டம்ளரைத் தொட்டதும் கை தானே விலகிக்கொள்கிறது. 'சுடுகிறது' என்று நாம் உணர்வது அதற்குப் பின்னர்தான். விரல் நுனியிலிருந்து புறப்பட்ட செய்தி தண்டுவடத்தை எட்டியவுடனேயே, 'விலகு' என்னும் கட்டளை அங்கிருந்து பிறந்துவிடுகிறது. மூளைக்குத் தகவல் சற்றுத் தாமதித்தே சேர்கிறது.

மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அவற்றினின்று கிளைத்து உடலெங்கும் பரவுவது புற நரம்பு மண்டலம். புறங்கையில் நீலமாகப் புடைத்திருப்பதைப் பேச்சு வழக்கில் நரம்பு என்கிறோம். அது நரம்பன்று, இரத்தம் ஓடும் சிரை. மெய்யான நரம்பைத் தொட்டறிய விரும்புவோர், முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னுள்ள பள்ளத்தைத் தடவிப் பார்க்கலாம். அவ்விடம் கதவில் இடித்தால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்குமே, அந்த நரம்புதான்.

யாழின் நரம்பைப்போல் அது ஒற்றைத் தந்தியன்று. எண்ணற்ற இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பணுவின் நீண்ட வால். பாதம் நோக்கிச் செல்லும் வால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுடையது! நரம்பணுக்களில் உணர்வைக் கொண்டுவருவன உண்டு. தசையை இயக்குவன உண்டு. இரண்டையும் இடைநின்று இணைப்பனவும் உண்டு. காப்பி டம்ளர் நிகழ்ச்சியில் இம்மூன்றும் பங்குகொண்டன. மூளையில் மட்டும் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன.

இவற்றுக்குத் துணைநிற்கும் அணுக்களைக் 'கிளையா' என்பர். கிரேக்க மொழியில் பசை என்று பொருள். பெயரிட்டவர்கள் சற்று அவசரப்பட்டுவிட்டனர் என்றே நமக்குத் தோன்றுகிறது; இவை வெறுமனே ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. விண்மீன் வடிவ அணுக்கள் சுற்றுப்புற உப்பளவைச் சீராக்குகின்றன. நுண்கிளையா அணுக்கள் சிதைவுகளை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. புற நரம்புகளில் இருப்பவை, ஜெர்மானிய அறிஞர் ஷ்வானின் பெயர் தாங்கிய அணுக்கள். இவை இழைமீது சுற்றிச் சுற்றிக் கொழுப்புறை போர்த்துகின்றன. தடித்த உறையுள்ள இழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர்வரை விரைகிறது; உறையற்ற இழையில் ஒரு மீட்டர்தான்.

இந்த ஷ்வான் அணுக்களிலேயே குடிபுகும் கிருமி ஒன்றுண்டு. 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி அது. உடலின் குளிர்ந்த பகுதிகளை அது விரும்புவதால், தோலுக்கு அண்மையிலுள்ள முழங்கை நரம்பு வீங்கித் தடிக்கிறது, உணர்வு மங்குகிறது. தாராவியில் விடியுமுன் இட்டலி அவிக்கும் தாயொருத்திக்கு இவ்வாறு நேர்ந்தால், கை வெந்த பின்னும் சுட்டது தெரியாது. நோய் விரலைத் தின்பதில்லை, வலியறியாப் புண்களே விரலை அழிக்கின்றன என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார்.

மாட்டுங்காவுக்கு இவ்வரலாற்றில் இடமுண்டு. 1890இல் நகராட்சி ஆணையர் ஆக்வொர்த்தின் முயற்சியால் வீடற்ற தொழுநோயாளர்க்கென அங்கு அமைந்த இல்லமே, இன்று வடாலாவில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை. அக்காலத்தில் அடைக்கலம் தரலாம். நோயை நீக்கும் மருந்து இல்லை. 1981க்குப் பின் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ஆறு மாதம் அல்லது ஓராண்டு உட்கொண்டால் கிருமி ஒழிகிறது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

ஆயினும், பெண்ணுக்கு வரன் தேடும் வேளையில் செய்தி பரவுமே என அஞ்சி, செம்பூர் போன்ற வசதியுள்ள பகுதிகளிலும் தேமலென்று சொல்லி மறைப்போர் உண்டு. நோயாளியைச் சந்தடியின்றி ஊருக்கு ரயிலேற்றிவிடுவோரும் உண்டு. பஞ்சு நுனியால் தொட்டாலும் உணராத வெளிர் படை தேமலாக இராது. உணர்வு குன்றத் தொடங்கிய சில திங்களுக்குள் சிகிச்சை பெற்றால் நரம்பு பெரும்பாலும் மீளும். ஆண்டுகள் கழித்து வருபவரின் கிருமியை மருந்து கொன்றுவிடுகிறது. மரத்த கை மரத்தபடியே இருந்துவிடுகிறது.