விலைபோன செய்தி

அவைத்தலைவர் அவர்களே, பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் அன்பர்களே, கவிஞர் பெருமக்களே!

வாய்மைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். அந்த வாய்மையை நாள்தோறும் நம் வாசலுக்குக் கொண்டுவரும் பொறுப்பு இதழ்களுடையது. 1882-இல் சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், எழுதிய எழுத்துக்காக 1908-இல் சிறை புகுந்தார். எழுத்துக்கு அன்று கொடுக்கப்பட்ட விலை அது. பின்னாளில் எழுத்துக்கு வேறொரு விலை வந்தது.

2009-இல் மராட்டிய மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. அன்றைய முதலமைச்சரைப் புகழும் ஒரே கட்டுரை, தமக்குள் போட்டியிடும் மூன்று மராத்தி நாளிதழ்களில் சொல் மாறாமல் வெளிவந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை வெளிப்படுத்தினார். பக்கம் பக்கமாகப் புகழ் பொழிந்த அத்தேர்தலில், நாளிதழ் விளம்பரத்திற்கென அவ்வேட்பாளர் காட்டிய செலவு 5,379 ரூபாய். அக்கணக்கு முறையானதன்று என்ற தேர்தல் ஆணையத்தின் முடிவைத் தில்லி உயர்நீதிமன்றம் 2014-இல் நீக்கியது. வேட்பாளருக்கு நீதிமன்றத்தின் விடை கிடைத்தது. எனினும், மூன்று ஆசிரியர்களின் மேசையில் ஒரே சொற்கள் எவ்வாறு பிறந்தன என்னும் வினா முடியவில்லை.

இவ்வணிகத்தை ஆராயப் பிரஸ் கவுன்சில் எனப்படும் இந்தியப் பத்திரிகை மன்றம் இருவர் குழுவை அமைத்தது. இதழ்களின் பெயர்களையும் சுட்டிய 71 பக்க அறிக்கையைக் குழு 2010-இல் அளித்தது. மன்றமோ அதனைச் சுருக்கிப் பெயர்களை விலக்கியே வெளியிட்டது. மத்தியத் தகவல் ஆணையம் தலையிட்ட பின்னரே, 2011-இல் முழு அறிக்கை வெளிச்சம் கண்டது. பிறர் மறைப்பதைத் தேடி எடுக்க வேண்டிய துறை, தன் குற்றத்தைத் தானே மறைத்தது!

அதே 2011-இல் உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மூன்றாண்டுக்குத் தகுதியிழந்தார். இரு இந்தி நாளிதழ்களில் செய்தி உருவில் வந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டாததே காரணம். வாங்கியவருக்குத் தண்டனை கிடைத்தது. விற்றவரைக் கண்டிக்கலாமேயன்றித் தண்டிக்கும் அதிகாரம் மன்றத்திற்கு இல்லை.

விளம்பரம் வெளியிடுதல் குற்றமன்று. விளம்பரமென்று அறிந்தே வாசகன் அதனைப் படிக்கிறான். நம்புவதும் தள்ளுவதும் அவன் உரிமை. அவ்விளம்பரத்துக்குச் செய்தியின் உடை போர்த்தும்போது அந்த உரிமை பறிபோகிறது. இதழின் தாளும் மையும் அச்சுப்பொறியும் உரிமையாளருக்குச் சொந்தம். நம்பிக்கை அவருக்குச் சொந்தமன்று. அது வாசகன் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அடைக்கலப் பொருளை விற்பவனுக்கு வணிகன் என்று பெயரில்லை.

கவிஞர் பெருமக்களே! இக்குற்றம் நமக்குப் புறத்தே மட்டும் நிற்பதன்று. படியாத நூலுக்கு அணிந்துரை வழங்குவதும், கைம்மாறு கருதி மதிப்புரை வரைவதும் இதன் உடன்பிறப்புகளே. அங்கே கைம்மாறுவது பணம். இங்கே கைம்மாறுவது புகழ். ஏமாறுகிறவன் ஈரிடத்தும் வாசகனே.

இதழ்களை நோக்கிக் கை நீட்டும் தகுதி, தம் சொல்லைத் தாமே விலைகூறாதவர்க்கே உண்டு. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அத்தகுதியைத் தன் முதல் செல்வமாகக் காக்குமாக!